பழைய ரிவால்வருக்குக் கம்பெனிக் கடிதம்: ஏற்காட்டுப் பங்களா அலமாரியில் இருப்பதற்கு இது எவ்வளவு உதவும்?

கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய ரிவால்வர்களுக்கு, ஆலையின் அனுப்புகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. கோல்ட்டுக்கு அந்தக் கம்பெனியின் ஆவணப் பிரிவு தருகிறது. ஸ்மித் அண்ட் வெஸனுக்கு அதன் பெயரிலேயே உள்ள வரலாற்று அறக்கட்டளை தருகிறது. சேகரிப்பாளர்கள் இதை ஃபேக்டரி லெட்டர் என்பார்கள். சேர்வராயன் மலையின் பழைய காப்பித் தோட்ட வீடுகளிலும் சேலம் நகரத்துப் பழைய குடும்பங்களிலும் தாத்தா பெயரில் இருந்த உரிமம் பேரன் பெயருக்கு மாறும்போது, இது எந்த வருடத்தது, யாருடையது, என்ன பெறும் என்ற மூன்று கேள்விகளும் கட்டாயம் எழும். கடிதம் முதல் கேள்விக்கு நன்றாகவும், இரண்டாவதற்குப் பாதியும் பதில் சொல்லும். மூன்றாவதைத் தொடவே தொடாது. இது தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

முதலில் தீர்ப்பு. கையில் இருப்பது கோல்ட்டோ ஸ்மித் அண்ட் வெஸனோ என்றால், உலோகத் தோட்டா போடும் மாடலாகவும் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். வெப்லி, ஆடம்ஸ், டிரான்டர் போன்ற ஆங்கில ரிவால்வர் என்றால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. அதற்குத் துப்பாக்கியின் மேல் குத்தியிருக்கும் முத்திரைகளும், வீட்டிலுள்ள பழைய உரிமத் தாள்களும்தான் சாட்சி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆங்கில ரிவால்வருக்கே வாய்ப்பு அதிகம் என்பதால், அதைப் பற்றியும் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறது.

கடிதத்தில் என்ன இருக்கும்? காலிபர் (குழல் துளையின் அளவு), குழல் நீளம், மேற்பூச்சு நீலமா நிக்கலா, பிடிப்பலகை ரப்பரா மரமா தந்தமா, ஆலையை விட்டுப் போன தேதி, எந்த வியாபாரிக்குப் போனது, அந்த ஒரே அனுப்புகையில் அதே வகை எத்தனை இருந்தன. இவ்வளவுதான். வியாபாரியிடமிருந்து யார் வாங்கினார் என்பது இருக்காது. இந்தியாவுக்கு வந்த கோல்ட்டுகளில் பலவற்றுக்குக் கடிதத்தின் பாதை லண்டன் ஏஜென்சியோடு நின்றுவிடும். பால்மால் 14ஆம் எண் என்ற முகவரி குழலின் மேலேயே பொறித்திருந்தால், கடிதம் வருவதற்கு முன்பே அதை எதிர்பார்க்கலாம். லண்டனிலிருந்து சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வந்த வழியை, பிரேமின் (துப்பாக்கியின் உடற்சட்டத்தின்) மேல்பட்டையில் உள்ள விற்பனைக் கடையின் பெயர்தான் சொல்லும். கல்கத்தாவின் மேன்டன், ரோடா, சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் போன்ற பெயர்கள் தேய்ந்து பாதி எழுத்தாக நின்றாலும் அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பாதி எழுத்துக்காகவே கூடுதல் விலை தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேதி, பூச்சு, குழல் நீளம் ஆகிய மூன்றும் கையில் உள்ளதோடு ஒத்துப்போனால் கடிதத்துக்குக் கொடுத்த காசு அங்கேயே வசூல். ஒத்துப்போகாவிட்டாலும் அது பயன்தான். 6 அங்குலக் குழலோடு நீலப் பூச்சில் போனதாகக் கடிதம் சொல்லி, கையில் இருப்பது பளபளக்கும் நிக்கலும் 4 அங்குலமுமாக இருந்தால், பின்னாளில் குழலை வெட்டி முலாம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். வாங்கப் போகிறவர் இந்தக் கடிதத்தைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

உலோகத் தோட்டாவுக்கு முந்தைய, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் காலத்துக் கோல்ட்டுகளுக்கு மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்ட் ஆலை எரிந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் துண்டுதுண்டாகவே உள்ளன. 1853 முதல் 1856 வரை லண்டன் பிம்லிகோவில் கோல்ட் ஆலை ஓடியது. அங்கே செய்த 1851 நேவி மாடல் ஏதேனும் இங்கே கிடைத்தால், அதன் மதிப்பு எண்கள் ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. குழல், பிரேம், விசைக்காப்பு, பின்பட்டை, சிலிண்டர், மருந்து திணிக்கும் நெம்புகோல், குழலைப் பிடிக்கும் ஆப்பு என ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருப்பார்கள். ஆப்பு சின்னது, தொலைந்து வேறு போட்டிருப்பது சகஜம், அதற்காக வருந்த வேண்டியதில்லை. சிலிண்டர் எண் வேறாக இருந்தால் விலை உடனே இறங்கும். அந்தச் சிலிண்டரைச் சுற்றி 1843 மே 16 கம்பீச்சே கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். கப்பல் பாய் இன்னும் தெரிகிறதா, வெறும் நிழலாகத் தேய்ந்துவிட்டதா என்பது விலையில் நேரடியாகத் தெரியும்.

விண்ணப்பத்தில் கோட்டை விடும் இடம்

துப்பாக்கியை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பவும் கூடாது. எண்ணும் விவரமும் படமும் போனால் போதும். கட்டணம் டாலரில், மாடலைப் பொறுத்து மாறும், அவ்வப்போது ஏறவும் செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட அட்டை வேண்டும். இதெல்லாம் எளிது. தவறு நடப்பது எண்ணில்தான்.

ஸ்மித் அண்ட் வெஸனில் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்தால், அதைத் தாங்கும் கையிலும் பிரேமின் உட்பக்கத்திலும் ஓர் எண் பளிச்சென்று தெரியும். பார்த்தவுடன் சீரியல் எண் என்றே தோன்றும். அது ஆலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைக்கப் போட்ட எண், சீரியல் அல்ல. உண்மையான சீரியல் பிடியின் அடிப்பகுதியில் இருக்கும். அதே எண்தான் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலுக்கு அடியிலும், வலது பிடிப்பலகையின் உட்புறத்திலும் வரும். கோல்ட்டில் இது தலைகீழ்: சிலிண்டர் தாங்கும் கையிலும் அதன் குழிவிலும் இருப்பதுதான் சீரியல். இந்த வேறுபாடு தெரியாமல் ஸ்மித்துக்குத் தவறான எண்ணை எழுதி அனுப்பினால், வேறொரு துப்பாக்கியின் கதை அழகான தாளில் வந்து சேரும்.

1917 மாடலில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் உலகப்போருக்காக இரண்டு கம்பெனியும் .45 காலிபரில் செய்தவை இவை. கோல்ட் 1917இன் பிடி அடியில் இருப்பது அமெரிக்க ராணுவத்தின் எண். கோல்ட்டின் சீரியல் தனியாக உள்ளே இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்து ஏதாவது இருந்தால் விடக் கூடாது. இரண்டாம் உலகப்போருக்காக ஸ்மித் அண்ட் வெஸன் செய்த விக்டரி மாடலில் வரும் ‘வி’ என்ற எழுத்து எண்ணின் ஒரு பகுதியேதான்.

நம் ஊரில் இது கடிதத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. பழைய உரிமப் புத்தகத்திலும் யாரோ அந்தப் பாக எண்ணையோ காப்புரிமை எண்ணையோ எழுதி வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் வாரிசு மாற்றத்துக்கு முன்பே, படத்துடன், உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் திருத்தம் கேட்டுவிட வேண்டும். ஏற்காட்டுக்கு மாவட்ட ஆட்சியர், சேலம் மாநகர எல்லைக்குள் காவல் ஆணையர். துப்பாக்கியில் ஓர் எண், புத்தகத்தில் ஓர் எண் என்று விட்டுவைத்தால் பிரச்சினை பேரன் தலையில் விழும்.

ஆங்கில ரிவால்வருக்கு உங்கள் கண்ணே கடிதம்

வெப்லியில் தேடவேண்டிய முதல் முத்திரை, சோதனைச் சாலையின் (துப்பாக்கி அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்க்கும் இடத்தின்) குறி. பர்மிங்காமில் 1904க்கு முன் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் கிரீடமும் வரும். 1904இலிருந்து கிரீடத்தின் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள். ‘கொள்ளுத் தாத்தா 1890இல் வாங்கியது’ என்று வீட்டில் சொல்லும் துப்பாக்கியில் கிரீடத்தோடு என்.பி. மட்டும் இருந்தால், அந்தச் சோதனை 1904க்குப் பிறகு நடந்தது. கதையை அழிக்க வேண்டாம். குடும்பச் சொல் என்று தலைப்பிட்டு எழுதி, பக்கத்தில் முத்திரை சொல்லும் காலத்தையும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது அரசுக் குறி. அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து. அம்போடு ‘ஐ’ எழுத்து சேர்ந்தால் இந்திய அரசுச் சொத்து. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், படையிலிருந்து முறைப்படி விற்று வெளியே விட்டது என்று பொருள். விற்ற குறி இல்லாத படைத் துப்பாக்கிக்கு, எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்லும் பழைய உரிமத் தாள் கூடுதல் முக்கியம்.

மாடலைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெப்லி முதல் மார்க் (மார்க் என்பது மாடல் வரிசை எண்) 1887இல் படைக்கு எடுக்கப்பட்டது. நான்காம் மார்க் 1899, ஆறாம் மார்க் 1915. ஆறாம் மார்க்கில் பிரேமின் பக்கத்திலேயே மார்க் எண்ணும் வருடமும் வரும், குழல் 6 அங்குலம், காலிபர் .455. குழலை அளக்கும்போது முனையிலிருந்து சிலிண்டரை ஒட்டி நிற்கும் பின்முனை வரைதான் அளக்க வேண்டும், சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது. உரிமப் புத்தகங்களில் .450ம் .455ம் மாறி எழுதியிருப்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் பின்முகத்தைப் பாருங்கள். .45 ஆட்டோமேட்டிக் தோட்டா போடுவதற்காக அதைக் கடைந்து சீவியிருந்தால், சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சீவலோடு போய்விட்டது.

விக்டரி மாடல் ஸ்மித் ஒன்றில் பர்மிங்காம் சோதனைக் குறியும், .38 .767 என்ற அளவும், மூன்றரை டன் என்ற அழுத்தமும் குத்தியிருந்தால், அது ஆங்கில நாட்டில் தனியார் விற்பனைக்காகச் சோதித்துக் குத்தியது (.767 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில்). கூடவே ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்ற வாசகமும் இருக்கலாம். அப்படியானால் பர்மா போர்முனையிலிருந்து இடுப்பில் மாட்டி நேராக மலைக்குக் கொண்டுவந்தார் என்ற கதை நிற்காது. வழியில் பர்மிங்காம் வந்திருக்கிறது.

போலியும் இருக்கிறது, போலி என்று சொல்ல முடியாத நகல்களும் இருக்கின்றன. முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியம் லியேஜ் சோதனை. வெப்லி புல்டாக் என்று வீட்டில் சொல்லும் குட்டி ரிவால்வர்களுக்கு இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். ஸ்பெயின் ஏய்பாரின் டிரொகாவோலா அரன்சாபால் கம்பெனி முத்திரை, எழுத்தைப் பின்னியிருக்கும் விதத்தில் ஸ்மித் அண்ட் வெஸன் முத்திரை போலவே தெரியும். ஆனால் இது மட்டமான சரக்கு அல்ல. 1915இல் பிரிட்டன் தட்டுப்பாட்டில் .455 காலிபரில் இவற்றை வாங்கியது, அம்புக்குறியோடு இருந்தால் அதற்கென்று சேகரிப்பாளர்கள் உண்டு. இன்றைய பாகிஸ்தானின் எல்லைப்புறத் தர்ரா என்ற ஊரின் பட்டறை நகல் வேறு வகை. எழுத்துகள் ஒரே வரியில் நிற்காது, ஆங்கில ‘என்’ கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும், கிரீடம் கோணலாக இருக்கும். இதை எந்தக் கடிதமும் காப்பாற்றாது.

கோப்பு போடும் முறை

எண், முத்திரை, நிலை எல்லாவற்றையும் படத்தோடு ஒரு கோப்பாகச் சேர்த்துவைக்க வேண்டும். உரிமம் உள்ளவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும், படம் எடுப்பவர் தொடத் தேவையில்லை. முதல் வேலை, தோட்டா இல்லை என்று சிலிண்டரின் எல்லா அறையையும் பார்ப்பது. கேப் வகையில் இன்னும் கவனம். வழவழப்பான மரக்குச்சியை முனையிலிருந்து ஒவ்வொரு அறைக்குள்ளும் விட்டு, எல்லா அறையிலும் அடிவரை போகிறதா என்று பாருங்கள். ஓர் அறையில் குச்சி முன்பே நின்றால் உள்ளே பழைய மருந்து இருக்கலாம். நூறு வருடம் கழித்தும் கருமருந்து வெடிக்கும். அங்கே நிறுத்தி, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் விடுங்கள்.

படத்துக்கு வடக்குச் சன்னல் வெளிச்சம், சாம்பல் துணி, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். இரண்டு பக்கம், மேல், கீழ், முன், பின், பிறகு ஒவ்வொரு முத்திரைக்கும் தனிப் படம். தேய்ந்த முத்திரையை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் வராது. அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சை உலோகத்தோடு உலோகமாகத் தாழ்த்திப் பிடித்தால், குழியின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நான்கு திசையிலிருந்தும் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு திசையில் ‘3’ ஆகத் தெரிவது மறுதிசையில் ‘8’ ஆகும். எழுத்தில் சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து, எழுத்துக்குள்ளேயே துரு வைக்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் நகல் இதைவிட நல்லது.

கழற்றுவது பிடிப்பலகையோடு நிற்க வேண்டும். ஹார்டுவேர் கடை ஸ்குரூ டிரைவரின் முனை ஆப்பு வடிவம். பழைய திருகின் பள்ளத்தில் அது மேல் விளிம்பை மட்டும் கவ்வி, பிதுக்கிவிடும். இணையான முனை கொண்டதாக, பள்ளத்தை நிறைக்கும் அகலத்தில் வேண்டும். பிதுங்கிய திருகு ஒன்று, பலரும் உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடும்.

நிலையை எழுதும்போது ‘அருமை’, ‘சூப்பர்’ வேண்டாம். அமெரிக்க என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) பழம்பொருள் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம்: எல்லாப் பாகமும் அசல், அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் என்றால் எக்ஸலன்ட்; 30க்கு மேல் என்றால் ஃபைன்; அதற்கும் கீழே, ஆனால் பாகம் எல்லாம் அசல் என்றால் வெரி குட். இங்கே முக்கியச் சொல் ‘அசல்’. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற பஃப் சக்கரம் வெள்ளிக்கு என்ன செய்கிறதோ அதை எஃகுக்கும் செய்யும். எழுத்தின் கூர் விளிம்பு உருண்டுவிடும், திருகுத் துளையைச் சுற்றித் தட்டுபோல் குழியும். இரண்டு கண்ணும் தெரிந்தவருக்கு இது போதும். பழுப்பேறிய அசல் நீலத்துக்கு விலை உண்டு, புது மினுமினுப்புக்கு இல்லை. ஸ்மித் ரிவால்வரில் சுத்தியலும் விசையும்கூட நிக்கல் முலாமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆலை நிக்கலில் அவை இரண்டும் பொதுவாகக் கடினமாக்கிய எஃகின் கலங்கிய நிறத்திலேயே இருக்கும். உரிமம் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைக் கொடுப்பது குற்றமும்கூட.

மதிப்பு என்ற இடத்துக்கு வருவோம். வெளிநாட்டு ஏலத் தொகையை ரூபாயாக்கி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இங்கே உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்க முடியும். நூறு வயது தாண்டிய பழம்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டு பழம்பொருள் சட்டம் விடுவதில்லை. ஆகவே லண்டன் விலை ஏற்காட்டு விலை ஆகாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, வாரிசாக வந்தவையும் அந்த இரண்டில் அடக்கம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவுக்குத்தான் இந்தக் கோப்பு முதலில் உதவும். துப்பாக்கிக் கடைகள் எழுதித் தரும் மதிப்புச் சீட்டையும் வாங்கலாம், ஆனால் எண், முத்திரை, பூச்சு என்ற மூன்றும் அதில் இல்லை என்றால், வெறும் தொகை போட்ட துண்டுத் தாளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நூறு வருடம் ஆகிவிட்டது, உரிமம் தேவையில்லை என்ற பேச்சு மிக ஆபத்தானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். 1890களின் வெப்லி இன்றும் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். பங்களாப் பெட்டியில் உரிமமே இல்லாத ஒன்று அகப்பட்டால் கடிதம், படம் எல்லாம் பிறகு. முதலில் வழக்கறிஞரைக் கேட்டு, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் உள்ளவர் 70 வயதை எட்டியிருந்தாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. கதை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே கோப்பை எழுத இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஏற்காட்டில் குடியிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் எடுத்த கல் கோடரி, எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான் வரலாறு ஆயிற்று. ரிவால்வரும் அப்படித்தான். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் கொடுத்த உரிமம், புதுப்பித்த முத்திரைகள், கடை ரசீது, கடை முகவரி ஒட்டிய மரப்பெட்டி, எல்லாவற்றையும் அமிலமில்லாத உறையில் சேர்த்து வையுங்கள். எண் எழுதியிருக்கும் தாள் மேலே இருக்கட்டும். எண் இல்லாத புகைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த இடம்தான்.

தோல் உறையைக் கோப்போடு வைக்கலாம், துப்பாக்கியை அதற்குள் வைக்கக் கூடாது. தோல் பதனிட்ட சரக்கும் மலை ஈரமும் சேர்ந்து, உறையின் வடிவத்திலேயே குழலில் துருக்குழி போடும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சில மாதத்தில் பிசினாகி விசையைப் பிடித்துவிடும். மெல்லிய கனிம எண்ணெயை ஒரு துளி துணியில் எடுத்துத் துடைத்தால் போதும். ஏற்காட்டில் பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து, மழைக்காலத்தில் அதன் நிறம் மாறியதும் சூடுபடுத்தி மீண்டும் வைக்க வேண்டும். சேலம் வெயிலில் அவ்வளவு தொல்லை இல்லை.